முதல் அசெம்பிள்: எந்த போர்டு, எந்த புராசஸர்? (தக்கலை, 45,000 ரூபாய்)

தக்கலை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், எழுதுவது இப்போதுதான். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறோம். கடையில் பூட்டித் தருவார்கள் என்றாலும் நானே பூட்ட வேண்டும் என்று ஆசை. பழைய மானிட்டர் ஒன்று இருக்கிறது. அது போக 45,000 வரை அப்பா சம்மதித்திருக்கிறார். அதற்கு மேல் கேட்டால் ரப்பர் ஷீட் விலை ஏறட்டும் என்பார். அது என்றைக்கு ஏறும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை இதுதான். நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், போனைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டும் எமுலேட்டரும் ஓட வேண்டும். அக்கா வீட்டில் இருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள், முழுக்க போட்டோஷாப். எப்போதாவது வேலரன்ட் கேம். உண்மையைச் சொன்னால் எப்போதாவது இல்லை.

இதுவரை வந்த கொட்டேஷன்கள்:

நாகர்கோவில் கடை ஒன்றில் ஐ5 12400எஃப், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு. மொத்தம் 46,500.

மார்த்தாண்டத்தில் ஒருவர் "ஐ7 சிஸ்டம், புது போர்டு, 19,000 தான்" என்கிறார். போர்டு எச்61 என்று எழுதித் தந்தார்.

மூன்றாவது, நானே ஆன்லைனில் பார்த்துச் சேர்த்தது: ரைசன் 5 5600ஜி, பி550 போர்டு.

இதற்கிடையில் நண்பன் ஒருவன் ஏஎம்5 (ஏஎம்டி-யின் புது சாக்கெட், அதாவது போர்டில் புராசஸர் உட்காரும் இடம்) தவிர எதை வாங்கினாலும் காசு தண்டம் என்கிறான். ஐ7 என்றால் ஐ5-ஐ விட மேல்தானே, பிறகு ஏன் பாதி விலை? தலை சுற்றுகிறது. சொல்லுங்கள்.

மடிவாளா_பஸ்

உன் நண்பன் சொன்னதுதான் சரி. ஏஎம்4 சாக்கெட் 2016, 17-ல் வந்தது, அதன் காலம் முடிந்தது. 12400 உட்காரும் எல்ஜிஏ 1700-ம் முடிந்த கதை. இன்டெல் 2024 அக்டோபரிலேயே எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. ஏஎம்5-க்கு மட்டும்தான் 2027-க்கும் அதற்கு அப்பாலும் புராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்றைக்கு ஏ620 போர்டில் 8500ஜி போடு. மூன்று வருடம் கழித்து வேலை கிடைத்ததும் புராசஸரை மட்டும் கழற்றிவிட்டுப் பெரியது போடு. போர்டு, ரேம் எல்லாம் அப்படியே இருக்கும்.

முதல் தடவை வாங்குகிறவன் செத்த சாக்கெட்டில் காசைப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பழையாறு

தம்பி, முதலில் அந்த 19,000 விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் மாதம் தவறாமல் யாராவது ஒருவர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருகிறார்.

எச்61 என்பது 2011-ல் வந்த சிப்செட், அதாவது போர்டின் முக்கிய சிப். அதில் உட்காரும் ஐ7 பெரும்பாலும் 3770 ஆக இருக்கும், 2012-ம் வருடத்துச் சரக்கு. நாலு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). இன்றைய ஐ3 12100-க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் வேகத்தில் அந்த ஐ7-ஐ அது எளிதாகத் தாண்டும். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று சொல்லும் எண். தலைமுறையைச் சொல்லாமல் "ஐ7" என்று மட்டும் ஒருவர் சொன்னால் அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. 12400 என்பதில் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. 3770-ல் அது வெறும் 3.

"புது போர்டு" என்கிறாரே, போர்டு புதிதாகவே இருக்கலாம். புராசஸர் எங்கோ ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்து வருடம் ஓடிவிட்டு வந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் 8-வது தலைமுறையில் இருந்துதான் ஏறும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உன் வேலரன்ட், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்தப் பெட்டியில் அது நடக்காது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. பில் அடிக்கவும் டைப் பண்ணவும் வாங்குகிறவருக்கு அது ஓடும். உனக்கு இல்லை.

அடுத்தது நாகர்கோவில் கொட்டேஷன். அதில் ஒரு எழுத்துதான் கோளாறு. 12400எஃப். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், அதில் படம் வராது. அதை மறைக்க ஜிடி 710 சேர்த்திருக்கிறார்கள். அந்த கார்டு 2014 காலத்துச் சரக்கு. என்விடியா அந்த வகைக்குப் புது கேம் டிரைவர் தருவதை 2021-லேயே நிறுத்திவிட்டது. எஃப் இல்லாத 12400-க்குள் இருக்கும் யுஎச்டி 730 அதைவிட நன்றாக ஓடும். எஃப் வாங்கி மிச்சம் பிடித்த காசையும், அதற்கு மேலும், பழைய கார்டில் கொண்டுபோய்க் கொட்டுவது எந்த ஊர்க் கணக்கு? அந்த கார்டைத் தூக்கு, எஃப்-ஐயும் தூக்கு. கொட்டேஷன் தானாக 45-க்குள் வரும்.

கொல்லங்கோடு_கட்டிங்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் என் பக்கத்தில் இருந்து ஒன்று. அக்கா இன்றைக்கு ஆல்பம் செய்கிறாள். நாளைக்கு ஸ்டுடியோக்காரன் "ஒரு ஹைலைட்ஸ் மட்டும் வெட்டிக் கொடு" என்பான். நிச்சயம் கேட்பான். இப்போது வருகிற கேமராக்கள் 10 பிட் 4:2:2 எச்இவிசி என்ற வீடியோ ஃபார்மெட்டில் பதிகின்றன. இன்டெல் உள் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்று ஒன்று இருக்கிறது, 11-வது தலைமுறையில் இருந்து அந்த ஃபார்மெட்டை அது நேரடியாகப் பிரித்துக் காட்டும். பிரீமியரில் டைம்லைன் தடங்கல் இல்லாமல் ஓடும். 5600ஜி-யில் அந்த வசதி கிடையாது, எல்லாச் சுமையும் கோர் மேல் விழும். ப்ராக்ஸி (தரம் குறைத்த நகல்) போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும்.

எஃப் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் உள் கிராபிக்ஸ் இருந்தால் எனக்கு அது உதவுகிறது.

மடிவாளா_பஸ்

வராத வேலைக்கு இப்போதே புராசஸர் வாங்கச் சொல்கிறீர்கள். வேலரன்டுக்கு 5600ஜி-யின் வேகா 7 கிராபிக்ஸ் யுஎச்டி 730-ஐ விட எவ்வளவோ மேல். அதையும் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு_கட்டிங்

மேல்தான். மறுக்கவில்லை. ஆனால் வராத புராசஸருக்கு இப்போதே போர்டு வாங்கச் சொன்னது யார்?

வடசேரி_டீச்சர்

😄 இரண்டு பேரும் கொஞ்சம் இருங்கள்.

பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். அப்கிரேட் பேச்சு வெறும் கற்பனை என்று சிலர் சொல்வார்கள். என் வீட்டில் அது நடந்தது. 2019-ல் பி450 போர்டில் ரைசன் 5 2600 போட்டோம். பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் இப்போது 5600 ஓடுகிறது. போர்டு, ரேம், கேபினட் எதையும் மாற்றவில்லை. ஆகவே மடிவாளா தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் அவர் சொன்ன 8500ஜி-யில் ஒரு இடறல் உண்டு. பின்னால் கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினால், அந்தப் புராசஸர் கார்டுக்கு நாலு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே தரும். ஏஎம்5 என்றால் 7600 வாங்குவது நல்லது. அதற்குப் பதினாறு லேன் உண்டு, படம் காட்டுகிற அளவுக்கு ஒரு சின்ன கிராபிக்ஸும் உண்டு. அந்தச் சின்ன கிராபிக்ஸில் விளையாட்டுக்கு ஆசைப்படக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் ஏஎம்5-க்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் கட்டாயம். அங்கேதான் இப்போது நெருப்பு.

தக்கலைத் தம்பி, ரேம் விலையைப் பார்த்தீர்களா? 2025 கடைசியில் இருந்து ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போகிறது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் க்ரூஷியல் என்ற தன் சில்லறை பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. விலை இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. பழைய யூடியூப் வீடியோவில் சொல்லும் பட்ஜெட்டை நம்பிக் கடைக்குப் போக வேண்டாம். போர்டு எது என்பதை இன்றைக்கு ரேம்தான் முடிவு செய்கிறது.

தக்கலை_பையன்

டீச்சர், ரேம் என்றதும்தான் நினைவு வந்தது. சித்தப்பா துபாயில் ஆபீஸ் காலி செய்தபோது கொண்டு வந்த ஸ்டிக் இரண்டு அலமாரியில் கிடக்கிறது. பையில் அப்படியே இருக்கிறது. லேபிளில் "8ஜிபி, பிசி4-21300" என்று போட்டிருக்கிறது. இது உதவுமா? அல்லது பழைய சாமான் எடுக்கும் ஆக்கருக்குப் போடவா?

பழையாறு

போடாதே! முதலில் ஸ்கேலை எடு. நீளம் 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவா, அல்லது 7-க்குள்ளா? நீளமாக இருந்தால் டெஸ்க்டாப் ரேம். குட்டையாக இருந்தால் லேப்டாப்புக்கு உள்ளது, போர்டில் ஏறாது. லேபிளில் 21300-க்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் சர்வர் ரேம், அதுவும் ஓடாது. யு இருந்தால் நல்லது. இ இருந்தால் இசிசி என்ற பிழை திருத்தும் வகை, அதையும் இங்கே எழுது.

தக்கலை_பையன்

அளந்தேன். 13.3 செ.மீ. இரண்டும் ஒரே பிராண்டு. "பிசி4-21300யு". இ இல்லை.

பழையாறு

அப்படியானால் உன் முடிவு பாதி முடிந்தது மக்கா. கையில் 16 ஜிபி டிடிஆர்4 (பிசி4 என்றால் அதுதான்), ஜோடியாக. 21300 என்றால் 2666 வேகம். இன்றைய விலையில் இது சின்ன விஷயம் இல்லை.

இனி ஏஎம்5 பேச்சு இல்லை. மடிவாளா கோபிக்க வேண்டாம். ஏஎம்5-ல் டிடிஆர்4 ஏறவே ஏறாது, வெட்டுக்கூட வேறு இடத்தில் இருக்கும். மிச்சம் இருப்பது இரண்டு: 5600ஜி அல்லது 12400.

இங்கேதான் அந்த 2666 வருகிறது. 5600ஜி-யின் வேகா கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் உன் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ரேம் வேகமாக இருந்தால் அது பறக்கும், 2666-ல் அதன் சிறப்பில் ஒரு பங்கு போய்விடும். 3200 ஜோடி கையில் இருந்திருந்தால் விளையாட்டுக்காக 5600ஜி என்று நானே சொல்லியிருப்பேன். மேலும் அது கிராபிக்ஸுக்காக 2 ஜிபி ஒதுக்கி வைத்துக்கொண்டால் உனக்கு 14-தான் மிச்சம். ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் அக்காவின் போட்டோஷாப்பும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் அந்த 2 ஜிபி தெரியும். இன்னொன்று, கார்டுக்குப் போகும் பிசிஐ-இ பாதை 5600ஜி-யில் 3.0 வேகத்துடன் நின்றுவிடும். 12400-ல் 4.0 உண்டு. பின்னால் எட்டு லேன் மட்டும் உள்ள விலை குறைந்த கிராபிக்ஸ் கார்டு போட்டால் அங்கே வித்தியாசம் வரும்.

12400-ன் கோர் வேகமும் கொஞ்சம் கூடுதல். போட்டோஷாப் பெரும்பாலும் ஓரிரு கோரை நம்பித்தான் ஓடுகிறது. உன் வீட்டு வேலைக்கு எஃப் இல்லாத 12400. வேலரன்ட், செட்டிங்கைக் குறைத்தால் யுஎச்டி 730-ல் ஓடும். விளையாட்டு மட்டும்தான் முக்கியம் என்றால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும், ஆனால் அப்பா அதற்கா காசு தருகிறார்?

தக்கலை_பையன்

அப்பா இந்த இழையைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

13-வது, 14-வது தலைமுறை புராசஸர்கள் கெட்டுப்போகின்றன என்று கேள்விப்பட்டேன். 12400-க்கும் அது உண்டா?

பழையாறு

இல்லை. அது 13, 14-ல் பெரிய புராசஸர்களுக்கு வந்த வோல்டேஜ் கோளாறு. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (புராசஸருக்குள் ஓடும் குறியீடு) திருத்தம் விட்டார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். 12-வது தலைமுறையில் அந்தப் பிரச்சினை கிடையாது. பிற்காலத்தில் அதே போர்டில் யாரிடமாவது பழைய 13700 வாங்கிப் போடுவதாக இருந்தால், முதலில் பயாஸ் அப்டேட், பிறகுதான் புராசஸர்.

மடிவாளா_பஸ்

கோபம் எல்லாம் இல்லை அண்ணாச்சி. சும்மா கிடைத்த ரேம் இருக்கும்போது டிடிஆர்4-தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: கையில் பழைய ரேம் இல்லை, பணம் கொஞ்சம் கூட இருக்கிறது, நாலைந்து வருடம் தாண்டிப் பார்க்கிறீர்கள் என்றால் 7600-ம் ஒரு பி650 போர்டும்தான் இன்னும் என் வாக்கு.

சரி, போர்டுக்கு வருவோம். எச்610 வேண்டாம், பி760 வாங்கச் சொல்லுங்கள்.

வடசேரி_டீச்சர்

ஏன் என்றும் சொல்லுங்களேன். பிள்ளைகள் "பி பெரிசு, எச் சிறிசு" என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போகக் கூடாது.

மடிவாளா_பஸ்

எச்610-ல் ரேம் துளை இரண்டுதான். எம்.2 (எஸ்எஸ்டி செருகும் இடம்) பெரும்பாலும் ஒன்று, அதுவும் 3.0 வேகம். யுஎஸ்பி குறைவு. புராசஸருக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் பல போர்டில் இருக்காது. பி660, பி760-ல் நாலு துளை உள்ள போர்டு கிடைக்கும், எம்.2 இரண்டு, ஒன்று 4.0.

பழையாறு

சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தப் பையனுக்கு அதில் எது வேண்டும் என்று பார்ப்போம். 12400-க்கு அடிப்படை 65 வாட், டர்போவில் அதிகபட்சம் 117. விஆர்எம் ஹீட்சிங்க் இல்லாத எச்610-ம் அதைத் தாங்கும். எஸ்எஸ்டி 3.0-ல் நொடிக்கு 3,500 எம்பி, 4.0-ல் ஏழாயிரம் என்று பெட்டியில் போடுவான். ஆல்பம் ஃபைல் திறக்கும்போது அக்காவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது ரேம் துளை. கையில் உள்ள இரண்டு ஸ்டிக்கும் எச்610-ன் இரண்டு துளையையும் அடைத்துவிடும். ஆல்பம் வேலை கூடி 32 வேண்டும் என்றால் இருப்பதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். நாலு துளை உள்ள பி660 அல்லது பி760-ல் இன்னும் இரண்டு சேர்த்தால் போதும். ரேம் இந்த விலை விற்கும் காலத்தில் போர்டுக்குக் கூடக் கொடுக்கும் காசு அங்கே திரும்பி வந்துவிடும். பி760 என்று பெயர் இருந்தாலும் இரண்டு துளை மட்டும் உள்ள மாடல் உண்டு, படத்தைப் பார்த்து எண்ணிக்கொள். ரேம் காசு மிச்சமானதால் பட்ஜெட்டும் இடம் கொடுக்கும்.

ஒன்று மட்டும் கவனம். ஒரே மாடல் பெயரில் டிடிஆர்4-க்கு ஒரு போர்டும் டிடிஆர்5-க்கு ஒரு போர்டும் வரும். பெயரின் வாலில் டி4 என்று இருக்கிறதா என்று பார். கடையில் பெட்டியைத் திறக்கும் முன்பே பார்.

அப்புறம் பின்பக்கம். உன் மானிட்டர் பழையது என்றாயே, விஜிஏ மட்டும் உள்ளதா? போர்டில் விஜிஏ இருக்கிறதா என்று பார்த்து எடு. கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பி 3-க்கு போர்டில் இணைப்பு வேண்டும். அக்கா கேமரா கார்டை நாள் முழுக்க அதில்தான் செருகுவாள்.

கடலோரன்

முட்டத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் சிப்செட் பேசிக்கொண்டே இருங்கள், நம் ஊரில் போர்டைக் கொல்வது சிப்செட் இல்லை. இடியும் ஈரமும்.

நமக்கு மழை இரண்டு தடவை. ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. நடுவில் சித்திரை மாதத்துச் சாயங்கால இடி வேறு. தக்கலை, குலசேகரம் பக்கம் மலையோரம் என்பதால் கேட்கவே வேண்டாம். இடி வந்தால் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டும். நெட் கேபிளையும் பிடுங்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வீட்டுக்குள் ஃபைபர் வந்தாலும் மோடத்தில் இருந்து கம்ப்யூட்டருக்கு வருவது செம்புக் கம்பிதான். மோடத்தின் அடாப்டர் வழியாக வரும் சர்ஜ் (திடீரென்று எகிறும் மின்னழுத்தம்) அந்தக் கம்பியில் நேராக போர்டுக்குள் போகும். நெட் கேபிள் செருகும் லேன் போர்ட் மட்டும் செத்துப்போன போர்டுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று. கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் கேபினட்டை வைத்தால் யுஎஸ்பி, ஆடியோ துளைகள் பச்சை பிடித்துவிடும். ரேம் காலில் படலம் படிந்து டிஸ்ப்ளே வராமல் போகும். கழற்றித் துடைத்துப் போட்டால் வரும், ஆறு மாதத்தில் மறுபடியும் போகும். தினமும் கொஞ்ச நேரம் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ஈரம் ஏறுவது குறைவு. மூடி வைத்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள் வீட்டில்தான் முதலில் கெடும்.

பழையாறு

இதை ஆயிரம் தடவை வழிமொழிகிறேன். கூடவே எர்த். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொட்டால் கையில் சுள்ளென்று ஓடுகிறதா? எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரன்ட் தரும் பெட்டி) கெட்டுவிட்டது என்று அதை என்னிடம் தூக்கி வருகிறார்கள். பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கும், வீட்டில் எர்த் இருக்காது. எஸ்எம்பிஎஸ்-க்குள் உள்ள வடிகட்டி கெபாசிட்டர்கள் கசிகிற சிறு கரன்டை எர்த் கம்பிக்குத்தான் அனுப்பும். அந்தக் கம்பி சுவருக்குள் எங்கும் போய்ச் சேரவில்லை என்றால் அது கேபினட்டில் நிற்கும். சர்ஜ் புரொடெக்டர் விலை உயர்ந்ததாக வாங்கி எர்த் இல்லாத பாயின்டில் செருகினால் அது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் பெட்டி மாதிரிதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம். 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்திறனுக்கான தரச்சான்று) போதும். புராசஸரில் காசைக் குறைத்தாவது இதை வாங்கு.

தக்கலை_பையன்

எர்த் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "வீடு கட்டும்போதே போட்டது" என்றார். நாளை ஆள் வருகிறார், பார்ப்போம்.

எங்கே வாங்குவது? நாகர்கோவிலில் பி760 டி4 ஒரு கடையில்தான் இருந்தது, அதுவும் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். திருவனந்தபுரம் போகலாமா? மாமா சென்னையில் இருக்கிறார், ரிச்சி தெருவில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்கிறார்.

கொல்லங்கோடு_கட்டிங்

எங்கள் பக்கத்துக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம், நான் அங்கேதான் வாங்குவேன். ஜிஎஸ்டி பில் வாங்கிக்கொண்டால் களியக்காவிளை தாண்டுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. வரி இரண்டு இடத்திலும் 18 சதவீதம்தான். பில் இல்லாமல் விலை குறைக்கிறேன் என்றால் திரும்பி வந்துவிடு. சீரியல் எண் பில்லில் ஏறியிருக்க வேண்டும்.

வடசேரி_டீச்சர்

போர்டை பஸ்ஸில் போட வேண்டாம் என்பது என் கருத்து. எஸ்எஸ்டி, புராசஸர் போடலாம். போர்டு உள்ளூரில் வாங்குங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. மூன்று வருட வாரண்டியில் அதிகம் கெடுகிறது போர்டுதான், புராசஸர் கெடுவது அபூர்வம். வாங்கும் முன் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். கடைக்காரரே வாங்கி அனுப்பித் தருவாரா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு தடவை போர்டு போனபோது அனுப்பி வாங்க இரண்டு மாதம் ஆனது. கடைக்காரர் தினமும் "நாளைக்கு" என்றார்.

புராசஸர் பெட்டியோடு வருகிறதா என்றும் பாருங்கள். ட்ரே பீஸ் என்று பெட்டி இல்லாமல் விற்பதற்குக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி கிடைக்காது, கூலரும் கூட வராது.

பழையாறு

நீயே பூட்டுவதால் இது. எல்ஜிஏ 1700-ல் ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன, புராசஸரில் இல்லை. சாக்கெட்டின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதை முதலில் பிடுங்காதே. தகட்டுச் சட்டத்தைத் தூக்கு, புராசஸரின் முக்கோணக் குறியையும் ஓரத்து வெட்டையும் பார்த்து மேலிருந்து வை, தள்ளாதே, சட்டத்தை மூடி லீவரை அமுக்கு. கொஞ்சம் பலம் வேண்டும், சத்தமும் வரும், பயப்படாதே. மூடி தானாகத் தெறித்து வரும்.

அந்த மூடியைக் குப்பையில் போட்டுவிடாதே. வாரண்டிக்கு போர்டைக் கொண்டுபோனால் முதலில் கேட்பது அதைத்தான். ஊசி ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி கிடையாது என்று திருப்பிவிடுவார்கள், மூடி இல்லாமல் போர்டு பயணம் செய்தால் ஊசி வளைவதற்கு ஒரு விரல் போதும்.

ரேம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் போடாதே. நாலு துளை போர்டில் புராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது. அப்போதுதான் இரண்டு சேனலும் ஓடும். புராசஸருக்குத் தனியாக எட்டு பின் கரன்ட் வயர் போர்டின் மேல் மூலையில் உண்டு. முதல் தடவை பூட்டுகிற எல்லாரும் அதை விட்டுவிட்டு "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல" என்று போன் செய்வார்கள்.

தக்கலை_பையன்

எலக்ட்ரீஷியன் வந்து போனார். என் அறை பாயின்டில் எர்த் கம்பி சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. இப்போது சரி செய்தாகிவிட்டது.

கடைசியாக முடிவு செய்தது: ஐ5 12400, எஃப் இல்லாதது, பெட்டியோடு. பி760 டி4 போர்டு, நாலு ரேம் துளை, விஜிஏ உண்டு, நாகர்கோவிலில் சொல்லி வைத்தாகிவிட்டது. சித்தப்பாவின் 16 ஜிபி. 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி. 450 வாட் எஸ்எம்பிஎஸ். முன்னால் வலை உள்ள சாதாரண கேபினட். 45-க்குக் கீழே நிற்கிறது. மிச்சத்தில் ஒரு யுபிஎஸ் வாங்கலாமா?

கடலோரன்

வாங்கு. 600 விஏ போதும். உங்கள் பக்கம் கரன்ட் போவது எப்படி என்று நீ சொல்ல வேண்டாம். பயாஸ் அப்டேட் செய்யும்போது கரன்ட் போனால் என்ன ஆகும் என்று யோசி.

மடிவாளா_பஸ்

கேபினட் முன்பக்கம் வலை, நல்லது. கண்ணாடி போட்டு மூடியதை வாங்காமல் விட்டாயே.

தக்கலை_பையன்

பூட்டி முடித்துப் படம் போடுகிறேன். ஒரே சந்தேகம்: எமுலேட்டருக்கு பயாஸில் எதையோ ஆன் செய்ய வேண்டும் என்கிறார்களே?

வடசேரி_டீச்சர்

இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, விடி-எக்ஸ் என்று இருக்கும். இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் ஆன் ஆகியேதான் வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தட்டினால் கீழே விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா என்று காட்டும். இல்லை என்றால் மட்டும் பயாஸுக்குள் போங்கள். அங்கே போனால் செக்யூர் பூட்டும் ஆன்தானா என்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், வேலரன்டுக்குத் தேவைப்படும். அப்பாவிடம் எமுலேட்டருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.